முதலிடம் யார் கொடுத்தது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், வேலைவாய்ப்பைப் பற்றி மட்டும் வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது" என்று நம் சங்கச் செயலாளர் சொன்னார். சரி, பாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். பாடப் போவதில்லை, பயப்பட வேண்டாம். உலகத்தில் எந்தப் பாட்டு முதலிடம், எந்தப் பாட்டு பத்தாம் இடம் என்று வாராவாரம் வரிசை போடுகிறார்களே, அந்த வரிசைகளின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நான் அளவுக் கருவிகளோடு பிழைப்பு நடத்துகிறவன். ஒரு எண்ணைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று கேட்பது எங்கள் தொழில் புத்தி. அந்தப் புத்தியோடு இதைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பட்டியலைச் சொல்கிறேன். 2002-ஆம் ஆண்டு பி.பி.சி. உலகச் சேவைக்கு 70 வயது நிறைந்தது. அதைக் கொண்டாட, "உலகத்திலேயே உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று நேயர்களைக் கேட்டார்கள். 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. டிசம்பரில் முடிவை அறிவித்தார்கள். முதலிடம், அயர்லாந்தின் விடுதலைப் பாட்டு ஒன்று. இரண்டாமிடம் வந்தே மாதரம். மூன்றாமிடம் பாகிஸ்தானின் "தில் தில் பாகிஸ்தான்". நான்காமிடம், நம்ம "ராக்கம்மா கையத் தட்டு". ஐந்தாமிடம், "பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது" என்ற ஈழத்துத் தமிழ்ப் பாட்டு, பாடியவர் திருமலை சந்திரன். எட்டாமிடத்தில்தான் அமெரிக்காவின் ஷெர் வருகிறார். ஒன்பதாமிடம் ஏ.ஆர்.ரகுமானின் "சைய்ய சைய்யா". பத்தாமிடம் இங்கிலாந்தின் குயின் குழுவினரின் "போஹிமியன் ராப்சடி".

பாருங்கள், பத்தில் இரண்டு தமிழ்ப் பாட்டு. ரகுமானையும் சேர்த்தால், தமிழர் கைபட்டது மூன்று. இன்னொரு விஷயமும் உண்டு. "தளபதி"யின் அந்த ராக்கம்மா பாட்டுக்கு நடுவே அப்பர் பெருமானின் தேவாரப் பாடல் ஒன்று வரும், கேட்டிருப்பீர்கள். ஆகவே லண்டன் பட்டியலில் நான்காமிடம் பிடித்தவர்கள் இளையராஜாவும், வாலியும், எஸ்.பி.பாலசுப்பிரமணியமும், ஸ்வர்ணலதாவும் மட்டுமல்ல. ஏழாம் நூற்றாண்டுத் திருநாவுக்கரசரும் கூடவே போய்விட்டார்!

இப்போது என் கேள்வி. அதே "ராக்கம்மா" அமெரிக்காவின் பில்போர்டு வரிசையிலோ, இங்கிலாந்தின் வார வரிசையிலோ எத்தனையாவது இடம் பிடித்தது? எந்த இடமும் இல்லை. ஒரே பாட்டு, ஒரே உலகம். ஒரு கணக்கில் நான்கு, இன்னொரு கணக்கில் ஆளையே காணோம். எப்படி? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினால் பாட்டு வரிசைகளின் முழுச் சரித்திரமும் வெளியே வந்துவிடும்.

பில்போர்டு என்பது 1894-இல் அமெரிக்காவில் தொடங்கிய பத்திரிகை. பெயரே சொல்கிறதே, சுவரொட்டி விளம்பரத் தொழிலுக்காக வந்த பத்திரிகை அது. பிறகு சர்க்கஸ், நாடகம், சினிமா என்று போய் இசைக்கு வந்து சேர்ந்தது. 1940 ஜூலை 27-ஆம் தேதியிட்ட இதழில்தான் நாடு முழுவதும் அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டார்கள். இன்று எல்லோரும் சொல்கிற "ஹாட் 100" 1958 ஆகஸ்ட் 4-இல் பிறந்தது.

இங்கிலாந்தின் கதை இன்னும் சுவையானது. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற பத்திரிகையில் விளம்பரப் பகுதியைக் கவனித்தவர் பெர்சி டிக்கின்ஸ். சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, "இந்த வாரம் என்ன விற்றது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதைக் கூட்டிப் பெருக்கி 1952 நவம்பர் 14 அன்று முதல் வரிசையை அச்சிட்டார்கள். பன்னிரண்டு இடம்தான். ஆனால் சில பாட்டுகள் சமமாக வந்ததால் பன்னிரண்டு இடத்துக்குள் பதினைந்து பாட்டு! வரிசை போட்டால் இசைத்தட்டுக் கம்பெனிகள் பத்திரிகைக்கு விளம்பரம் தரும் என்பதே அதன் பின்னாலிருந்த கணக்கு.

அந்த வரிசை வந்து சரியாகப் பத்தொன்பதாவது நாள், 1952 டிசம்பர் 3. நம் பக்கத்தில் ஒரு சம்பவம். கொழும்பிலிருந்து ரேடியோ சிலோன் "பினாக்கா கீத்மாலா" என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி. பினாக்கா என்பது பற்பசை. ஆக, லண்டனில் பத்திரிகை விளம்பரம், இங்கே பற்பசை விளம்பரம். இரண்டு கண்டங்களில், இருபது நாளுக்குள், பாட்டை எண்ணும் பழக்கம் வியாபாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டே பிறந்திருக்கிறது.

இந்திப் பாட்டு ஏன் இலங்கையிலிருந்து வர வேண்டும்? அப்போது மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒதுக்கப்பட்டது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அரசாங்கம் நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

கீத்மாலாவின் முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாக அமீன் சயானி பின்னாளில் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் ஏழு பாட்டைப் போட்டு, நேயர்களையே தர வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார்கள். பிறகு நிகழ்ச்சியே வரிசை சொல்லத் தொடங்கியது. "நம்பர் ஒன், நம்பர் டூ" என்று அவர் சொல்வதில்லை. படி என்று பொருள்படும் ஓர் இந்திச் சொல்லைத்தான் சொல்வார். பாட்டு இந்த வாரம் ஒரு படி ஏறியது, அந்த வாரம் இரண்டு படி இறங்கியது. இசைத்தட்டு விற்பனையையும் பார்த்தார்கள், ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு அளவுக் கருவி வைத்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றால் சரிபார்ப்பது நல்ல பொறியியல். அமீன் சயானி 2024 பிப்ரவரியில் தமது 91-ஆம் வயதில் காலமானார்.

எங்கள் தேவதானத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வரைபடத்தை எடுத்து அளவுகோல் வைத்துப் பாருங்கள். தேவதானத்திலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர். கொழும்பு 400 கிலோமீட்டர்கூட இல்லை. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சென்னை பக்கம். ரேடியோ அலைக்குக் கொழும்புதான் பக்கம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சேத்தூர் டீக்கடைகளில் மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது இவர்களின் குரல்கள் சொந்தக்காரர் குரல் மாதிரி கேட்டதற்குக் காரணம் இந்தத் தூரக் கணக்கு. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் தலையாட்டுகிறார்கள், அதுவே சாட்சி. எங்கள் ஊர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோவிலைத் தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம் என்பார்கள். ஆகாயத்தின் குணம் ஓசை என்று பெரியவர்கள் சொல்வது எங்கள் ஊருக்கு ரேடியோ வந்த நாளிலிருந்து ரொம்பப் பொருந்திப்போய்விட்டது!

சரி, அளவுக் கருவிக்கு வருவோம். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நூற்பாலையோடு உறவு உண்டு. நூலுக்குக் கவுண்ட் எப்படிப் பார்க்கிறார்கள்? ஓடுகிற மொத்த நூலையும் எடை போடுவதில்லை. கொஞ்சம் கோன்களை எடுத்து, 120 கஜம் சுற்றி, எடை பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு பவுண்டில் 840 கஜச் சிட்டம் எத்தனை நிற்கிறதோ அதுதான் கவுண்ட். லேப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் உயிர்நாடி எது என்று தெரியும். சாம்பிளை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு ஃப்ரேமிலிருந்து தினமும் சாம்பிள் எடுத்தால், உங்கள் ரிப்போர்ட் மில்லைப் பற்றியது ஆகாது. அந்த ஃப்ரேமைப் பற்றியது.

பெர்சி டிக்கின்ஸின் இருபது கடைகள் அந்த ஒரு ஃப்ரேம்தான். பின்னாளில் கடைகளின் எண்ணிக்கை கூடியது. ஆனாலும் எந்தெந்தக் கடையை எண்ணுகிறார்கள் என்பதைக் கம்பெனிக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அந்தக் கடைகளுக்கு மட்டும் ஆளை அனுப்பித் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வாங்கினார்கள். அமெரிக்காவில் வேறு வழி, ரேடியோவில் பாட்டுப் போடுகிறவருக்கே கையூட்டு. 1960 வாக்கில் அமெரிக்க நாடாளுமன்றமே அதை விசாரிக்க வேண்டி வந்தது.

எண்ணப்படாத கடைகளின் கதை இன்னும் முக்கியம். 1980-களில் இங்கிலாந்தில் குடியேறிய பஞ்சாபிகளின் பாங்ரா இசை கேசட் கேசட்டாக விற்றது. எங்கே விற்றது? சவுத்தாலிலும் பர்மிங்காமிலும் மளிகைக் கடைகளில், மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்தில். அவை வரிசைக்காரர்கள் எண்ணும் கடைகள் அல்ல. ஆகவே வரிசையைப் பொறுத்தவரை பாங்ரா என்ற இசையே இல்லை. 2003 ஜனவரியில் பஞ்சாபி எம்.சி.யின் "முண்டியான் தூ பச் கே" இங்கிலாந்து வரிசையில் ஐந்தாமிடம் வந்தபோது, ஏதோ புது இசை பிறந்துவிட்டது போல எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அந்தப் பாட்டு 1998-லேயே வெளிவந்தது.

நம் பக்கத்துக் கதையும் இதே கதைதான். இங்கே முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ரெக்கார்டிங் சென்டர் ஞாபகம் இருக்கும். காலி கேசட் வாங்கி, ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். "ஏ பக்கம் ஆறு, பி பக்கம் ஆறு, கடைசியில் இடமிருந்தால் இந்தப் பாட்டு" என்று குறிப்பு வேறு. ராஜபாளையத்து ரெக்கார்டிங் சென்டர்களில் ஒரு தீபாவளி மாதத்தில் சேர்ந்த அந்தத் தாள்களை யாராவது எடுத்துக் கூட்டியிருந்தால், அதுதான் நம் வட்டாரத்தின் உண்மையான பாட்டு வரிசை. அந்தத் தாள்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. யாரும் கூட்டவில்லை.

1991 நவம்பர் மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5-ஆம் தேதி, தீபாவளியன்று "தளபதி" வெளிவந்தது. அதே மாதம் 30-ஆம் தேதியிட்ட ஹாட் 100 வரிசையில் அமெரிக்காவில் ஒரு புரட்சி. அதுவரை கடை மேலாளர் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டில்தான் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. கல்லாவில் பார்கோடைக் காட்டி "பீப்" என்று சத்தம் வந்தால் ஒரு விற்பனை என்று கணக்கு. மே மாதமே இசைத் தொகுப்புகளின் வரிசைக்கு இதைக் கொண்டுவந்துவிட்டார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? ராத்திரியோடு ராத்திரியாக வரிசை தலைகீழாக மாறியது. ஜூன் மாதத்தில், ரேடியோக்காரர்கள் தொடவே பயந்த கறுப்பின இளைஞர்களின் ராப் தொகுப்பு ஒன்று முதலிடம் பிடித்தது. செப்டம்பரில் கிராமத்து இசை பாடிய கார்த் புரூக்ஸின் தொகுப்பு வந்த வாரமே முதலிடத்தில் நின்றது. அமெரிக்கர்களின் காது ஒரே வாரத்திலா மாறியது? இல்லை. அவர்கள் முன்பும் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். "இதெல்லாம் பெரிய இசையா" என்று நினைத்த மேலாளர்கள் வாயால் சொல்லாமல் விட்டதை, பார்கோடு சொல்லிவிட்டது. இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது என்று ஒரு பொறியாளனாக எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனால் அந்தப் பெருமையையும் அளவோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்துக்கு எதைக் காட்டுகிறோமோ அதைத்தான் அது எண்ணும். 2012-இல் கொரியாவின் "கங்னம் ஸ்டைல்" உலகத்தையே குதிக்க வைத்தது. டிசம்பர் 21-இல் யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தொட்ட முதல் வீடியோ அதுதான். ஆனால் ஹாட் 100-இல் ஏழு வாரம் இரண்டாமிடத்திலேயே நின்றது. காரணம், யூடியூப் பார்வையை அன்று கணக்கில் சேர்க்கவில்லை. 2013 பிப்ரவரியில் சேர்த்தார்கள். சேர்த்த உடனேயே "ஹார்லெம் ஷேக்" என்ற பாட்டு எடுத்த எடுப்பில் முதலிடம். சில மாதம் முன்னால் விதி மாறியிருந்தால் கொரியப் பாட்டு முதலிடம் வந்திருக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

நம்ம "கொலவெறி"க்கும் இதே நேரப் பிரச்சினைதான். 2011 நவம்பர் 16. தனுஷ் பாட, அனிருத் என்ற கல்லூரிப் பையன் இசையமைக்க, தமிழும் ஆங்கிலமும் கலந்த பாட்டு உலகம் பூராவும் பரவியது. ஆனால் அமெரிக்க வரிசை யூடியூபை எண்ணத் தொடங்கியது அதற்குப் பதினைந்து மாதம் கழித்து. பிறகு "ரவுடி பேபி" 2019 ஜனவரியில் யூடியூபில் ஏறி, 2020 நவம்பரில் 100 கோடிப் பார்வையைத் தாண்டியது. தென்னிந்தியப் பாட்டு அந்த எல்லையைத் தொட்டது அதுவே முதல் தடவை. அப்போதும் ஹாட் 100-இல் அதற்கு இடமில்லை. ஏனென்றால் அந்த வரிசை அமெரிக்காவுக்குள் கேட்கப்படுவதை மட்டும் எண்ணுகிறது. சிவகாசியில் ஒருவர் நூறு தரம் கேட்டாலும் நியூயார்க் கணக்கில் அது பூஜ்யம். பில்போர்டு "குளோபல் 200" என்ற உலக வரிசையைத் தொடங்கியதே 2020 செப்டம்பரில்தான்.

அப்படியானால் தமிழர் யாருமே அந்தப் படிகளில் ஏறவில்லையா? ஏறினார்கள். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரால் 1986-இல் அகதியாக லண்டன் திரும்பியவர் மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறார். தம் அம்மாவின் பெயரான "கலா" என்பதையே ஒரு தொகுப்புக்கு வைத்தார். சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்தும் அதற்கு வாசிக்கச் செய்தார். அந்தத் தொகுப்பிலிருந்த "பேப்பர் பிளேன்ஸ்" 2008-இல் ஹாட் 100-இல் நான்காமிடம். ரகுமானின் "ஜெய் ஹோ" 2009 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்கப் பெண்கள் குழு ஒன்று அதை ஆங்கிலத்தில் பாடிய பிறகு அமெரிக்காவில் 15-ஆம் இடம், இங்கிலாந்தில் மூன்றாமிடம். 2024-இல் கேரளத்தில் பிறந்த ஹனுமான்கைண்ட் என்ற ராப் பாடகரின் "பிக் டாக்ஸ்" ஹாட் 100-இல் 23-ஆம் இடம் வரை போனது.

கவனித்தீர்களா? மூன்றும் ஆங்கிலத்தில் ஏறியவை. வேற்று மொழிப் பாட்டு ஏறவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 1963-லேயே கியூ சகமோட்டோ என்ற ஜப்பானியர் ஜப்பானிய மொழியில் பாடிய பாட்டு அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "சுகியாகி". அது ஒரு சாப்பாட்டின் பெயர்! பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நம் பாட்டு ஒன்றை "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா" என்று பெயர் மாற்றி விற்ற மாதிரி. 2017-இல் ஸ்பானிய மொழியின் "டெஸ்பசீட்டோ" பதினாறு வாரம் முதலிடம். தமிழுக்கும் அந்தப் படி எட்டாத உயரம் அல்ல. அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலையும் இல்லை.

என் கவலை வேறு. இப்போது எண்ணுவது கடை அல்ல, கைப்பேசி. இங்கிலாந்தில் 2014-இல் ஸ்ட்ரீமிங்கைச் சேர்த்தபோது, நூறு முறை கேட்டால் ஒரு விற்பனை என்றார்கள். 2017-இல் அதை நூற்றைம்பது ஆக்கினார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் எட் ஷீரன் என்ற ஒரே பாடகரின் பதினாறு பாட்டுகள் முதல் இருபதுக்குள் வந்து உட்கார்ந்தன. உடனே, ஒரு பாடகருக்கு மூன்று பாட்டுக்கு மேல் இடமில்லை என்று விதி போட்டார்கள். 1985-இல் மூன்றாமிடம் வந்த கேட் புஷ்ஷின் பாட்டு, ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒலித்ததால் 37 ஆண்டு கழித்து 2022-இல் முதலிடம் வந்தது. 1994-இல் மரியா கேரி பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு, 2019 டிசம்பரில்தான் முதன்முதலாக அமெரிக்காவில் முதலிடம் பிடித்து, பின் வந்த டிசம்பர்களிலும் வந்துகொண்டே இருந்தது.

அமெரிக்கப் பத்திரிகைகள் இதைப் பெரிய அதிசயமாக எழுதின. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதில் என்ன அதிசயம்? மார்கழி பிறந்தால் விடியற்காலையில் கோவில் கூம்பு ஸ்பீக்கரிலிருந்து ஆண்டாளின் முப்பது பாட்டும் ஒலிக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒவ்வொரு மார்கழியிலும் முதலிடத்துக்குத் திரும்பி வருகிற பாட்டு அது. எந்த வரிசையும் அதை எண்ணியதில்லை, எண்ண வேண்டிய தேவையும் இல்லை. ஏனென்றால் அதை எழுதி வைத்தார்கள், பாராயணம் செய்தார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணாமல் விட்டாலும் அது அழியாமல் நின்றதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம்.

அந்த ஏற்பாடு இல்லாத பாட்டுகளின் கதி என்ன? சாஸ்தா கோவில் ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில் நடவுக்குப் பாடின பாட்டு, முளைப்பாரிக்குப் பாடும் கும்மிப் பாட்டு, தாலாட்டு, இழவு வீட்டு ஒப்பாரி. இவற்றைப் பாடுகிற பாட்டிமார்கள் சேத்தூரிலும், முகவூரிலும், தேவதானத்திலும் இன்னும் இருக்கிறார்கள். நடவுக்கு இயந்திரம் வந்தபின் அந்தப் பாட்டுக்கு வேலை போய்விட்டது. பதிவு இல்லாத பாட்டைக் கைப்பேசி யாருக்கும் பரிந்துரைக்காது. பரிந்துரைக்காததை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததை எண்ண மாட்டார்கள். எண்ணாததை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மளிகைக் கடைப் பாங்ராவுக்கு நடந்தது இதேதான். பாங்ராவுக்காவது கேசட் இருந்தது. நம் பாட்டிகளுக்குக் கேசட்டும் இல்லை.

பண்ணைப்புரம் நம்ம மலையடிவாரத்தின் வடக்குப் பக்கத்து ஊர். அங்கே வயலிலும் திருவிழாவிலும் இப்படிப்பட்ட பாட்டுகளைக் காதால் வாங்கி வளர்ந்தவர்தான் இளையராஜா. நான்காமிடத்து ராக்கம்மாவின் வேர் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த பி.பி.சி. பட்டியலுக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். அது ஒன்றும் விஞ்ஞானக் கணக்கு அல்ல. மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் சொல்லி வாக்குச் சேர்த்தவர்கள் பல நாடுகளிலும் இருந்தார்கள். சாம்பிள் முறைப்படி அது தேறாது. பாட்டின் தரத்துக்கு அது சான்றிதழும் அல்ல. ஆனால் அது வேறொன்றை அளந்தது. எந்தப் பாட்டுக்காக ஒரு மனிதன் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கடிதம் எழுதுவான் என்பதை அளந்தது. ஊரைவிட்டு உலகெங்கும் சிதறியவர்கள் நிறைந்த இனத்தில் ஐந்தாமிடத்துப் பாட்டு எப்படி மேலே வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. கடைக்காரனின் கல்லா அந்த மாதிரி அன்பை எண்ணாது.

ஆகவே தம்பி தங்கைகளே, எந்த வரிசையைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எண்ணினது யார்? எண்ணினது எதை? எண்ணாமல் விட்டது எதை? பாட்டு வரிசைக்கு மட்டுமல்ல. பொறியியல் கலந்தாய்வுத் தரவரிசைக்கும், கல்லூரிகளின் தரப் பட்டியலுக்கும், வேலைக்குத் தேர்வானவர்களின் சம்பளப் பட்டியலுக்கும் இதே மூன்று கேள்விதான். வரிசையை வெறுக்கச் சொல்லவில்லை. கருவி இல்லாமல் தொழிற்சாலை ஓடாது. ஆனால் மீட்டர் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன் மீட்டரை யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கிறவனே பொறியாளன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை, அதிகாலை டவுன் பஸ் பிடித்து வந்து முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறானே, அந்தத் தூரத்தை எந்தப் பட்டியலிலும் எண்ணுவதில்லை. அதனால் அது தூரம் இல்லை என்று ஆகிவிடாது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கு நிதி கேட்பது வழக்கம். நான் நிதி கேட்கவில்லை, நேரம் கேட்கிறேன். இங்கே இருக்கும் ஒவ்வொரு மாணவரும், இந்த ஆண்டு பொங்கல் விடுமுறையில், தம் ஊரில் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். பாடினவர் பெயர், ஊர், தேதி, எந்த வேலையின்போது பாடும் பாட்டு என்பதையும் அவர் வாயாலேயே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை மடியில் வைக்காமல் முகத்துக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். இதற்கு ஸ்டுடியோ தேவையில்லை. முன்னாள் மாணவர்களான நாங்கள் அவற்றை வாங்கி, அட்டவணை போட்டு, நம் கல்லூரி நூலகத்தில் கெடாமல் வைக்கும் வேலையைப் பார்க்கிறோம். என் பங்குக்கு அந்த வேலையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்காரத் தயார் என்று இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதில் எந்தப் பாட்டு முதலிடம், எது கடைசி என்று நாம் வரிசை போட வேண்டாம். அகர வரிசையில் வைத்தாலே போதும்.